மில் ஓடும்போது பேசியது

மெக்சிகோவின் ஒஹாக்காவில் வேகவைத்த சோளம் அரைக்கும் மில்லுக்கு எலிஹியா மறுபடி வேலைக்கு வந்தாள். சிறுவயதிலிருந்தே சீழ் வடிந்து ஓட்டை விழுந்திருந்த இரண்டு காதுச் சவ்வுகளுக்கும் டாக்டர் ஒட்டுப்போட்டிருந்தார்.

கூட வேலை பார்க்கும் ஒனோரினா வலியப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஆறு வருடமாக, மில் ஓடும்போதெல்லாம், "சீழ் நாத்தம் தாங்காமத்தான் இவ புருஷன் ஓடினான்!" என்று மற்றவர்களிடம் கத்திச் சிரித்தவள் அவள். நல்ல வேளை, காது மந்தமான எலிஹியாவுக்குப் பழசு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தாள்.

"இப்ப நல்லாக் கேக்குதாடி?" என்றாள் குழைவாக.

"மெல்லப் பேசறது இப்பத்தான் கேக்குதுக்கா. நீ கத்தினது எப்பவுமே கேட்டுச்சு."

"மில் ஓடற சத்தத்துலயா?"

"மில்லு உறுமறது அப்ப என் காதுக்கு எட்டாது. அதுக்கு மேல நீ கத்துவியே, அது மட்டும் எட்டும். புருஷன் ஓடின கதை வரைக்கும்."

அரைப்பு தொடங்கி மில் உறுமியது. சோள வாளிகளோடு பத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒனோரினா நெருங்கிப் போய், "மன்னிச்சுடுடி" என்று முணுமுணுத்தாள்.

எலிஹியா காதைத் தொட்டுக் காட்டினாள். "ஒட்டுப்போட்டதுலேர்ந்து மில் இரைச்சலும் சேர்ந்து கேக்குதுக்கா. நீ சொன்னது ஒண்ணும் புரியல. வழக்கம்போலக் கத்திச் சொல்லு."