மின்மினியின் புதுத் தாளம்

"கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கப்பா. டீஜே மின்மினி போட்ட புதுத் தாளம். நம்ம ஊர்க்காரங்கதான், ஆனா உலகமே இவங்களைப் பார்த்துக் காப்பியடிக்குது!"

அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இசைத் தயாரிப்பு வகுப்பில் சேர அவர் கையெழுத்து வேண்டும். மகள் படிவத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது பேரிங் போன வாஷிங் மெஷின். ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

"உங்ககிட்டப் போட்டுக் காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஆத்திரம் தாங்காமல், அந்தப் பாட்டுக்குக் கீழேயே அப்பா சொன்னதை அப்படியே எழுதி, 'அவர் சார்பா மன்னிச்சிடுங்க' என்று முடித்தாள்.

மறுநாள் காலை மின்மினியே பதில் போட்டிருந்தார்.

'அது என் வீட்டு வாஷிங் மெஷின் சத்தம்தான்! லட்சம் பேர் கேட்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. நேத்து அது நின்னே போச்சு. உங்கப்பா வந்து பார்ப்பாரா? ஆனா அந்தத் தாளம் மட்டும் போயிடக் கூடாது.'

மகள் போனும் படிவமுமாக வாசலுக்கு ஓடினாள். 'வாஷிங் மெஷின் சர்வீஸ்' என்று முதுகில் அச்சடித்த சட்டையோடு, ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த அப்பா நிதானமாகப் படித்தார்.

"நான் உள்ளதைத்தானே சொன்னேன்? நீதான் கிண்டல்னு நினைச்சுக்கிட்டே."

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"கழட்டி மாட்டுறது என் வேலை. எந்தச் சத்தத்தை விட்டு வைக்கணும்னு எனக்கென்ன தெரியும்? செருப்பைப் போடு, நீயும் வா."