வந்த பூச்சி

"அந்தக் கடைசி நோட்டு மட்டும் வேணாம்மா. அதுல ஒரு பொய் இருக்கு."

நீட்டிய கையோடு நின்றாள் வித்யா. மறைந்த தாவரவியல் பேராசிரியர் சண்முகசுந்தரத்தின் குறிப்புகளைக் கல்லூரி புத்தகமாகப் போடுகிறது. அவற்றை வாங்கிப்போக வந்திருந்தாள்.

"சார் நோட்டுல பொய்யா, ஆன்ட்டி?"

"அவரு சொன்னதில்ல. நான் சொன்னது."

அவர் மனைவி தாட்சாயிணி மெதுவாகச் சொன்னாள். அண்ணனூர் மின்ரயில் கார் ஷெட் சுவரோரம், காலி மனையில், மண்ணிலிருந்து நேராகத் தண்டு விட்டுப் பூக்கும் காட்டு ஆர்க்கிட் ஒன்று. அதே சாயலில் இரண்டு இனம் உண்டாம். ஒன்று தானாகவே காய்க்கும். மற்றதற்குத் தேனீ வந்தாக வேண்டும். ஆறு வருஷம் பார்த்தும் ஒரு காய்கூட இல்லை. தேனீ இனம்தான் என்று முடிவு கட்டினார். சுற்றிலும் அடுக்குமாடி எழும்ப எழும்ப, அந்தத் தேனீ இங்கே இன்னும் இருக்கிறதா என்பதே அவர் கவலை. படுக்கையில் விழுந்த பிறகும் தினமும் அதையே கேட்டார்.

"தேனீ நெத்தியில மகரந்தம் உருண்டையா ஒட்டிக்குமாம், பொட்டு மாதிரி. அந்த உருண்டைய ஒரு பூவுலேர்ந்து பல்லு குத்துற குச்சியில எடுத்து நானே இன்னொரு பூவுல வெச்சேன். அந்த வெயில்ல குந்திக்கினு, வேர்வைய தொடச்சிக்கினு."

வீடு திரும்பியவளின் முகத்தையே அவர் வெகுநேரம் பார்த்தார். பத்து நாள் கழித்து, தேனீ வந்து காய் பிடித்துவிட்டது என்று சொன்னாள். சிரித்தார். நோட்டைக் கேட்டு வாங்கி ஏதோ எழுதினார். அந்த வாரமே போய்விட்டார்.

"சாகப்போற மனுசன ஏமாத்திட்டேன். இல்லாத தேனீ இருக்குன்னு இப்ப அச்சுல வேற வரணுமா?"

ஒரு வருஷமாக அவள் அந்த நோட்டைத் திறக்கவில்லை.

வித்யா அனுமதி கேட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். படித்துவிட்டு, நோட்டைத் தாட்சாயிணி பக்கம் திருப்பி வைத்தாள்.

கோணல்மாணலான கையெழுத்தில் மூன்று வரி:

காய்: நான்கு.

வந்த பூச்சி: தாட்சாயிணி.

அடையாளம்: நெற்றியில் இரண்டு மஞ்சள் உருண்டை.

தாட்சாயிணியின் விரல்கள் தானாக நெற்றிக்குப் போயின.

"எடுத்துக்கினு போம்மா," என்றாள். "ஒரு எழுத்துகூட மாத்தாத."