கூரையில் வரைந்த வானம்

போன ஆடி வெள்ளியன்று, அம்மன் கோவில் கூழுக்கு வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்த கோமளவல்லி சொன்ன கதை இது.

சூதாட்ட விடுதிகளே நிறைந்த ஓர் ஊரில், பசித்த குஞ்சுகளுக்கு இரை தேடிப் போன ஆண்குருவி ஒன்று, கேசினோவின் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டது. கூரை முழுக்க நீல வானமும் வெள்ளை மேகமும் வரைந்திருந்தார்கள். ஒரு மேசையிலிருந்து முந்திரி விழுந்தது. அப்புறம் எலுமிச்சைத் தோல். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"கிடைச்சதைக் கொண்டு போயேன் தம்பி" என்றது மேசைக்கடியில் குடியிருந்த எலி.

குருவி முந்திரியைக் காலடியில் வைத்தது. "ஒண்ணே ஒண்ணையா? அடுத்த தட்டிலிருந்து கேக்கே விழும் பாருங்கண்ணே. பொழுதுதான் இன்னும் இருக்கே!" என்று கூரையைக் காட்டியது.

"இருக்கும், இருக்கும்" என்றது எலி, அந்த முந்திரியையே கொறித்தபடி. "நான் வந்த நாளிலிருந்து இங்கே பொழுது சாயவே இல்லை."

குருவி பதறி மேலே பறந்து நீல வானத்தில் மூக்கை இடித்துக்கொண்டது. கதவு திறந்ததும் வெளியே பாய்ந்தால், அங்கே மறுநாள் விடிந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் தேடி மூக்கில் நீலச் சாயம்தான் கொண்டு வந்தீங்களா?" என்றது கூட்டில் குஞ்சுகளோடு காத்திருந்த பெண்குருவி. "நல்லா இருங்க. நீங்க காவல் இருங்க, நான் போயிட்டு வரேன்."

கதை கேட்டவங்க வாசலில் ஒரு பிடி அரிசி தூவிட்டுப் போங்க. குஞ்சுகள் இன்னும் வாயைத் திறந்துகிட்டுத்தான் இருக்கு.