தறி இல்லாத கூடத்தில் ஆயுத பூஜை

"தறியை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. பொறவு என்ன எழவுக்கு ஆயுத பூஜை?"

விசைத்தறிக் கூடத்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான் மூக்காண்டி. இங்கே தறி ஓட்டியவன். இப்போது சங்கரன்கோவில் முழுக்க பைக்கில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகிறான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. முதலாளி உள்ள இருக்காரு" என்றாள் அவனோடு தறி ஓட்டிய முத்துமாரி.

"கேக்கட்டுமே! நம்மளத் தெருவுல விட்டுட்டு, அவரு மட்டும் வெள்ளையும் சொள்ளையுமா தெனமும் தென்காசிக்கு பஸ் ஏறுதாரு. அங்க பெரிய ஜவுளிக்கடைல கூட்டு யாவாரமாம். அவரு வீட்டம்மாவே சொன்னாங்க. இன்னைக்கு நாலு பேரு முன்னால கேக்காம விடமாட்டேன்."

வயிற்றெரிச்சல்தான். சோறு போட்ட இடம் போனால் யாருக்கும் வரும். சூரத் சேலை மலிவாக வந்து இறங்க இறங்க ஆர்டர் நின்றது. தறிகள் லாரி ஏறின. கட்டடம் மட்டும் மிச்சம்.

உள்ளே கோமதியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு பலகை. அவரவர் தறிக்கு அவரவரே பொட்டு வைப்பது இந்தக் கூடத்து வழக்கம். இந்த வருஷம், இப்போது பிழைப்புக்கு எது ஆயுதமோ அதைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார் முதலாளி கோமதிசங்கர்.

முத்துமாரி, புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை தரம் பிரிக்கும் கூடையை வைத்தாள். தறி மெக்கானிக்காக இருந்த சிவனாண்டி ஆட்டோ சாவியை வைத்தார்.

மூக்காண்டி பார்சல் பையைத் தொப்பென்று போட்டான்.

"என் தறி இதுதான். நல்லாப் பாத்துக்கிடும்!"

கோமதிசங்கர் அந்தப் பையையே பார்த்தார்.

"என்ன முழிக்கீரு? உம்ம ஜவுளிக்கடைக் கல்லாப்பெட்டி எங்க? அதையும் கொண்டாந்து வையும். பொட்டு வைப்போம்!"

சிவனாண்டி அவன் கையைப் பிடித்து இழுத்தார். முத்துமாரிக்கு அழுகை வந்துவிட்டது.

கோமதிசங்கர் மஞ்சப்பைக்குள் கையை விட்டார். நீலச் சட்டை ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தார். அதன் மேல் ஒரு தொப்பி, ஒரு விசில்.

"கடை வாசல்ல செக்யூரிட்டிவே. அங்க போயிதான் மாத்திக்கிடுவேன். சேலை எடுக்க வாரவங்களுக்குக் கதவத் தொறந்து விடணும்."

அவர் குங்குமத்தைத் தொட்டுத் தொப்பியில் பொட்டு வைத்தார்.

மூக்காண்டியின் குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு எங்களை எதுக்கு முதலாளி கூப்பிட்டீங்க? வீட்டுல வச்சே கும்பிட்டிருக்கலாம்லா?"

"எப்படிவே கும்பிட? வீட்டுல இன்னும் நான் முதலாளிதான்."