கண்குழியின் மேல் விளிம்பு

மண்டையோட்டைக் கையில் வாங்கியதும் டாக்டர் முதலில் அளந்தது கண்குழியைத்தான்.

சேலத்திலிருந்து வந்த சின்னப் பெண். பெயர் நந்தினி. சேற்றில் முழங்கால் போட்டு, இரும்பு அளவுகோலின் இரண்டு முனைகளையும் குழிக்குள் வைத்தாள்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டர் ஃப்ரூட் கன்று நடக் குழி தோண்டும்போது கிடைத்த மண்டையோடு அது. நாகலூர் பக்கத்தில் இந்த மலை எஸ்டேட்டுக்கு நான்தான் ரைட்டர். யாருக்கு எங்கே வேலை என்று எழுதுவது நான். ஒன்பது வருஷமாக இந்த ஓடைப் பக்கம் ஒரு மண்வெட்டிகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். புது மேனேஜர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் விட்டுவிட்டார்.

இங்கே கிடப்பது யார் என்று எனக்குத் தெரியும். ஜீப் டிரைவர் முருகன்.

என் மகள் வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தவன். இரண்டு பேரும் ஓடிப்போய்விட்டார்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. அன்றைக்குத் தேடிப்போன என் தம்பி மாதையன் மண் அப்பிய கையோடு திரும்பி வந்தான். முருகனை ஓடையோரம் புதைத்துவிட்டேன், பெண்ணை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன் என்றான். இனி நம் முகத்திலேயே விழிக்கமாட்டாளாம்.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற பெண் உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து முருகனின் அம்மா இரண்டு தடவை ஆபீசுக்கு வந்து அழுதாள். என் பெண்ணைக் கெடுத்ததே உன் பையன்தான் என்று அவளையே ஏசி அனுப்பினேன். அந்தப் பாவம் சும்மா விடாது.

தீபாவளிக்குத் தீபாவளி வெண்ணிலாவுக்கு ஒரு சேலை எடுப்பேன். விலாசம் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அவன்தான் பார்சல் போடுவான். "கெடச்சுதாம்ண்ணா" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த தீபாவளி வரை ஓட்டிவிடுவேன்.

யாரோ வடநாட்டுக் கூலியாள்தான் என்று காலையிலேயே இன்ஸ்பெக்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் டாக்டரிடம் அதைக் கேட்டார்.

கண்குழியின் அளவு இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும்தான், அதை வைத்து எந்த ஊர் ஆள் என்று சொல்லிவிட முடியாது என்றாள்.

எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த தம்பி லேசாக இருமினான். ஆம்பளை, இளவயசு என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் முருகனின் அம்மாவைக் கூட்டிவருவார்கள். அதன் பிறகு தம்பிக்கும் எனக்கும் ஜெயில்தான்.

அவள் கட்டைவிரலால் குழியின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஆம்பளைக்கு இந்த விளிம்பு மழுங்கியிருக்கும் சார், குழியும் சதுரமா இருக்கும். இது வட்டமா இருக்கு, விளிம்பும் கூரா இருக்கு. இடுப்பெலும்பு கெடச்சாத்தான் முடிவா சொல்லலாம். ஆனா பொண்ணுன்னுதான் தோணுது. பல்லைப் பாத்தா இருபது வயசுக்குள்ள."

அப்பாடா என்று இருந்தது. முருகன் இல்லை. தப்பித்தோமடா என்று தம்பியின் பக்கம் திரும்பினேன்.

அவன் முகத்தில் அந்த அப்பாடா இல்லை.

வெண்ணிலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் நாங்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முட்டைக்கண்ணி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏனுங்க ரைட்டரே, இங்க பொம்பளப் புள்ள யாராச்சும் காணாமப் போயிருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "அப்படி யாருமில்லீங்க சார்."

குடை அவன் கையில் ஆடக்கூட இல்லை. இந்தத் தீபாவளிக்கு நான் எடுத்த நீலச் சேலையைப் போன வாரம் அந்தக் கையில்தான் கொடுத்திருந்தேன்.

"மாதையா," என்றேன். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டேன். "ஒம்போது வருசமா அந்தச் சேலையெல்லாம் எந்த வெலாசத்துக்குடா அனுப்புன?"

தம்பி டாக்டர் கையில் இருந்ததைப் பார்த்தான்.