பெட்டியின் அடியில் கத்தி

1974ஆம் ஆண்டு பிப்ரவரி எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர், துபாயிலிருந்து ஹத்தாவுக்குச் செல்லும் பாதையை விட்டு விலகிய மணல்வெளியில், ஒரு பெண் மான் ஜீப்பின் முன்பக்க இரும்பில் அடிபட்டு விழுந்தது.

அதை யாரும் சுடவில்லை. வண்டியால் மோதினார்கள்.

ஓட்டியவர் சேதுராமன், கட்டுமானக் கம்பெனி ஒன்றின் மேலாளர். அருகில் இருந்தவர் அக்கம்பெனியின் ஸ்டோர் கீப்பர், கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மது. பின்னிருக்கையில், சட்டி பானைகளுக்கு நடுவே, அவருடைய மனைவி உம்மு ஹானி.

அன்று மாலை கபீல் அங்கே விருந்துக்கு வருவதாக இருந்தது. கம்பெனியில் உள்ள அத்தனை பேரின் விசாவுக்கும் பொறுப்பேற்றிருந்த அரபு முதலாளி அவர். அவருக்கு மான்கறி பரிமாறிப் பெயர் வாங்கச் சேதுராமன் ஆசைப்பட்டார். அறுப்பதற்குக் கௌஸ் முகம்மது. சமைப்பதற்கு உம்மு ஹானி.

வேட்டைக்கு ஒரு முறை உண்டு. காற்று மானின் பக்கமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, பிஸ்மி என்று இறைவன் பெயரைச் சொல்லி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவைக்க வேண்டும். விழுந்ததும், உயிர் இருக்கும்போதே கழுத்தை அறுக்க வேண்டும். ஆகவே கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சேதுராமனிடம் புதுத் துப்பாக்கி இருந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. தோளில் மாட்டிய வாரில் தோட்டாக்கள் வரிசையாக மின்னின. சக்கரம் மணலில் புதைந்தால் தோண்டுவதற்கு மண்வாரியும், அடியில் போடுவதற்கு இரும்புத் தகடும் இருந்தன. பொறுமை மட்டும் இல்லை.

"நடக்கறதாவது! வண்டி எதுக்கு பாய் இருக்கு?" என்று கேட்டவர், மானை அது களைக்கும்வரை துரத்தினார்.

களைத்த மான் திரும்பி நின்றது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை.

காலையில் உம்மு ஹானி கத்தியைத் துணியில் சுற்றிச் சாமான் பெட்டியின் மேலே வைத்திருந்தாள். புறப்படும் அவசரத்தில் சேதுராமன் அதை அடியில் தள்ளி, அதன்மேல் ஐஸையும் சோடாப் புட்டிகளையும் அடுக்கியிருந்தார். அவற்றை இறக்கிக் கத்தியை எடுப்பதற்குள் மானின் திறந்த கண்ணில் மணல் படிந்துவிட்டது. அது இமைக்கவில்லை.

ஆயினும் கௌஸ் முகம்மது அறுத்தார். இரத்தம் பீறிடவில்லை, கசிந்தது.

"மச்சான், கால் ஒதைச்சிச்சா?" என்று உம்மு ஹானி கேட்டாள்.

அவர் கத்தியைத் துடைத்தார். "இல்ல."

"பொறவு எதுக்கு அறுத்தீங்க? செத்ததோட கழுத்துல உங்களுக்கு என்ன வேலை? இது ஹராம். நான் ஆக்க மாட்டேன்."

சேதுராமன் சிரித்தார். "அறுத்தாச்சுல்ல, அப்புறம் என்னம்மா? மான் என்ன கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப் போகுதா? பாய், கபீல் கேட்டா உயிரோட இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. உங்க ரெண்டு பேர் விசாவும் இந்த மாசம் முடியுது. பேப்பர் என் மேசையிலதான் கெடக்கு."



உம்மு ஹானிக்கு மணமாகி ஏழு ஆண்டுகள். அவள் கணவனோடு வாழ்ந்தது துபாயின் தேராப் பகுதியில் ஒற்றை அறையில் கழிந்த இந்த ஐந்து மாதங்கள்தாம். அவற்றை அந்த மனிதர் ஒரு செத்த மானோடு சேர்த்துக் கட்டித் தூக்கி எறிகிறார். நம்பிக் கை நீட்டும் விருந்தாளியின் தட்டில் செத்ததை வைக்கச் சொல்கிறார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அவள் அடுப்பை மூட்டினாள்.

"அப்படி வாங்க வழிக்கு" என்றார் சேதுராமன். பாரத்தைக் குறைக்கச் சாமான்கள் அனைத்தையும் இறக்கிவிட்டு, கபீலை அழைத்துவரப் பிரதான சாலைக்கு ஜீப்பை ஓட்டிச் சென்றார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பின்னர் கபீல் பாயில் அமர்ந்தார். நெய்யும் பட்டையும் மணத்தன. சேதுராமன் அரைகுறை இந்தியில், இரு கைகளையும் வீசி, ஒரே தோட்டாவில் மானை வீழ்த்திய கதையைச் சொன்னார்.

கபீல் கௌஸ் முகம்மதின் பக்கம் திரும்பினார். "ஹலால்?"

"இந்தச் சட்டியில் இருப்பது அனைத்தும் ஹலால், அர்பாப்" என்று முதலாளியிடம் கௌஸ் முகம்மது இந்தியில் சொன்னார். குரல் பிசகவில்லை.

சேதுராமன் நிம்மதியாகச் சாய்ந்தார்.

உம்மு ஹானி மூடியைத் திறந்தாள். நெய்ச்சோறு. அடுத்த சட்டியில் பருப்பும் கத்தரிக்காயும்.

"கஸால்?" என்றார் கபீல், மானைத் தேடி.

"மாஃபி" என்றாள் உம்மு ஹானி, இல்லையென்று.

சேதுராமன் வாயைத் திறந்தார். மான் எங்கே என்று கேட்டால், அது எப்படிச் செத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாமான்களின் ஓரத்தில் மண்வாரி கழுவித் துடைக்கப்பட்டு, ஈரம் காயாமல் சாத்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்; மான் மணலுக்கடியில் போய்விட்டது புரிந்தது.

"அடிபட்டு ஓடிடுச்சு, அர்பாப்" என்றார்.

கபீல் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். அடிபட்ட மானைத் தேடாமலா சாப்பிட உட்கார்ந்தாய் என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

கம்பெனி வண்டி இனி வேட்டைக்குப் போகாது என்று அங்கேயே முடிவாயிற்று. துப்பாக்கியைக் கபீல் தம்மிடமே வைத்துக்கொண்டார். கௌஸ் முகம்மதின் விசா புதுப்பிக்கப்பட்டது. ஸ்டோரைக் கவனிக்க வேறு ஆள் இல்லை. உம்மு ஹானியின் விண்ணப்பத்தைச் சேதுராமன் மேசையிலிருந்து அனுப்பவேயில்லை. மார்ச் மாதம் அவள் பம்பாய்க் கப்பலில் ஏறினாள்.

பெட்டியில் அந்தக் கத்தி இருந்தது. துணிகளுக்கெல்லாம் மேலே.