காயில் கட்டுகிறவன்

டமார் என்ற சத்தத்தோடு ஜேசிபி நின்றது. கடையம் அருகே கிணறு தோண்டிய இடத்தில் பெரிய மண் தாழி ஒன்று உடைந்து கிடந்தது.

"ஏலே, புதையல்லா கிடைச்சிருக்கு!" என்று குதித்து இறங்கினார் டிரைவர்.

தாழிக்கு ஏறக்குறைய மூவாயிரம் வயது என்றார் தொல்லியல் அதிகாரி ஸ்ரீமதி. உள்ளே ஒருவருடைய எலும்புகள் இருந்தன. தொடை எலும்பில் எஃகுத் தகடு ஒன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. தகட்டில் பொறித்திருந்த எண்ணை ஆஸ்பத்திரிகளில் விசாரித்ததில், அது தென்காசி அகிலாண்டேஸ்வரியின் கணவனுக்கு வைத்த தகடு என்று தெரிந்து, அவளுக்குத் தகவல் போனது.

அவள் கணவன் விஜயசங்கர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவன். முப்பத்தாறு வயது. போன குற்றால சீசனில் ஐந்தருவியில் குளித்தபோது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. தண்ணீருக்குள் எப்படித் தவித்தானோ என்ற நினைப்பில் அவளுக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை.

எலும்புகளோடு செம்புக் கம்பிச் சுருள்களையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். ஒன்றில் கம்பி விரல் தடிமனில் கோணலாக இருந்தது. இன்னொன்றில் நூல் போல மெலிந்து, அரக்குப் பூசப்பட்டிருந்தது. காந்தக் கற்கள் பதித்த கல் சக்கரமும் இருந்தது.

"அவரு கட்டுன காயில்தான் மேடம்" என்றாள் வந்து பார்த்த அகிலா.

"ஆனா வயசு பொருந்தலையேம்மா. பல்லைப் பாருங்க, எப்படித் தேஞ்சிருக்கு! இவர் எழுபதுக்கு மேல வாழ்ந்திருக்கார்."

அகிலா அந்த எலும்பை மெல்லத் தொட்டாள்.

"எழுபதா? அப்போ, அன்னைக்கு அருவித் தண்ணில அவரு மூச்சு முட்டிச் சாகல, என்ன மேடம்?"